துப்பிவிட்டுச் சொல்கிறவர்

வாயில் ஊற்றிய ஒயினை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மூன்று முறை தள்ளுகிறார் ரோலண்ட் ஹாப்டன். கண்ணை மூடுகிறார். பிறகு மடியில் இருக்கும் பச்சை எனாமல் குவளையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் துப்புகிறார்.

"இது ஜன்னலோர சீட்டு ஆளு," என்கிறார். "ஏறும்போது ஒரு குட்மார்னிங், இறங்கும்போது ஒரு தேங்க்யூ. நடுவுல வாயே திறக்காது."

சமையலறை மேசையில் ஏழு பாட்டில்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பழைய கால்பந்து சாக்ஸுக்குள். பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. ஏழும் இங்கிலாந்து மண்ணில் விளைந்து இங்கிலாந்துக் கிடங்குகளில் நுரை கட்டியவை. ஆறு இந்த சஸெக்ஸ் குன்றுகளைச் சேர்ந்தவை, ஒன்று கென்ட்டிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்து எண்பது வருடம் ஆகிறது. மே எட்டாம் தேதி மார்ல்டன் ஊர் மண்டபத்தில் நூற்று நாற்பது பேர் கோப்பை உயர்த்தப் போகிறார்கள். அந்தக் கோப்பையில் எதை ஊற்றுவது என்று சொல்ல வேண்டியவர் ரோலண்ட்தான்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அறுபத்தெட்டு வயது. நல்ல உயரம், ஆனால் பேருந்தின் கூரைக்குப் பயந்து குனிந்த கழுத்து இன்னும் நிமிரவில்லை. ராணியின் பொன்விழாவுக்கு யாரோ பிரெஞ்சு ஷாம்பெய்னைக் கொண்டுவந்து வைக்க, ஊரே முணுமுணுத்த அன்று, கடைசி வரிசையில் இருந்து அவர் சொன்னார்: "நம்ம குன்று மேலேயே இதைவிட நல்லது இருக்கே." அன்றிலிருந்து மூன்று ராஜ விழாக்கள், ஒரு முடிசூட்டு விழா, கணக்கில்லாத கல்யாணங்கள். எல்லாவற்றுக்கும் அவர் நாக்குதான் தீர்ப்பு.

கோப்பைகளை அவர் சோப்புப் போட்டுக் கழுவமாட்டார். வெறும் வெந்நீர், சொந்தமாக ஒரு துணி. சோப்பின் வாடை ஒட்டியிருந்தால் கூடக் குமிழி எழும்பாதாம். தக்கையைத் திறக்கும்போது சத்தம் வரக்கூடாது. பாட்டிலைத் திருப்புவாரே தவிர தக்கையைத் திருப்புவதில்லை. வெளியே வருவது சின்னப் பெருமூச்சு மட்டும். "டமால்னு வெடிச்சா, உள்ளே இருந்ததுல பாதி கூரைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம்."

ஊருக்கெல்லாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் இந்த மனிதர் பத்தொன்பது வருடமாக ஒரு வாய்கூட விழுங்கியதில்லை. விழா முடிந்ததும் ஊர் வேனில் எட்டு நடை அடித்து எல்லாரையும் வீட்டில் இறக்குவதும் அவர்தான். "யாராவது ஒருத்தன் ஓட்டணும்ல?" வேன் சாவி அவர் இடுப்பு வளையத்தில் தொங்குகிறது. நடந்தால் கிணுகிணுக்கும். அவர் வருவது தெரு முனையிலேயே தெரியும்.

இந்த வருடம் ஏழு பாட்டில்களுக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு பொருள் இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய ஒரு டப்பா, உள்ளே வெள்ளைப் பொடி, அதற்கென்று ஒரு சின்னக் கரண்டி. பக்கத்தில் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு.

அது வில்ஃப் காட்டுக்காக.

வில்ஃபுக்குத் தொண்ணூற்றொன்பது வயது. பதினெட்டில் கடற்படைக்குப் போய், கண்ணிவெடி வாரும் கப்பலில் சமையல் செய்தவர். மார்ல்டனிலிருந்து போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். முன்வரிசையில் அவர்களுக்கென்று ஒரு காலத்தில் பதினான்கு நாற்காலி போடுவார்கள். இப்போது ஒன்று. திரும்பி வராத ஒன்பது பேரின் பெயரை அவர் எழுந்து நின்று சொல்வார், சொல்லிவிட்டுக் கோப்பையை வாயில் கவிழ்ப்பார், அதன் பிறகுதான் ஊர் குடிக்கும். அந்த ஒன்பது முகங்களும் இப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன நவம்பரில், போர் நினைவு நாளில் கொடுத்த தேநீர் அவருக்குப் புரையேறியது. நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் ஆஸ்பத்திரி. தொண்டை தளர்ந்துவிட்டது, தண்ணீர்போல எது இறங்கினாலும் நுரையீரலுக்குப் போகும் என்றார்கள். அன்று முதல் முதியோர் இல்லத்தில் அவருக்குத் தேநீர், பழச்சாறு, தண்ணீர் எல்லாமே பொடி கலந்து கெட்டியாகத்தான் வருகிறது.

விழாக் குழுத் தலைவி லின்ட்சி வெரல் இதற்கு வழி கண்டுபிடித்தார். லின்ட்சி நல்லவர், வேகமானவர், எதையும் பட்டியல் போட்டு முடிக்கிறவர். "வில்ஃப் சும்மா கோப்பையைக் கையில புடிச்சா போதும். போட்டோ எடுத்துக்கலாம். குடிக்க வேணாம். யாருக்குத் தெரியப் போகுது?"

இதை வில்ஃபிடம் சொல்லும் வேலை ரோலண்ட் தலையில் விழுந்தது. இல்லத்தின் ஜன்னலருகே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார் கிழவர். வெளியே மழை.

"புடிச்சுக்கிட்டு நிக்கணுமா? நான் என்ன துணிக்கடை பொம்மையா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க, பெரியவரே."

"ஒன்பது பேரைக் கூப்பிட்டுட்டு, குடிக்காம வைக்கச் சொல்றியா? அது உன் வழக்கம்டா, துப்பறவனே. என் வழக்கம் இல்ல."

ரோலண்டை அவர் பத்தொன்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆங்கில ஒயினை அவர் மதித்ததும் கிடையாது. "பிரான்சுக்காரனைக் காப்பாத்தப் போனோம். அவன் ஒரு பாட்டிலாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். இந்தப் புளிச்ச ஆப்பிள் தண்ணியைக் குடிக்க வேண்டியிருக்காது."

சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் அடங்க நெடுநேரம் ஆனது. அங்கே வேலை செய்யும் மாரிதெஸ் என்ற பிலிப்பைன்ஸ் பெண் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"பொடி கலந்து கொடு," என்றார் வில்ஃப், மூச்சு வந்ததும். "என் பொறுப்புன்னு டாக்டர்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரே ஒரு கோப்பை. ஆனா ஊருக்கு ஊத்துற அதே பாட்டில்லேர்ந்து ஊத்தணும். எனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கினே, தொடமாட்டேன். அப்புறம், நான் கஞ்சி குடிக்கறேன்னு ஊர்ல ஒரு பய கிட்டயும் சொல்லாதே."

ஆக, ரோலண்டின் வேலை ஒன்று இரண்டானது. நூற்று நாற்பது பேருக்குப் பிடிக்க வேண்டும், பொடி விழுந்த பிறகும் ஒருவர் தொண்டையில் இறங்க வேண்டும். நீர்த்துப்போனால் நுரையீரலுக்குள் போகும். இறுகிப்போனால் தொண்டையில் நிற்கும். எதில் பிசகினாலும் அது கிழவரின் கடைசி மே மாதம்.

மாரிதெஸ் அளவு சொல்லிக்கொடுத்தாள். சிரிஞ்சில் பத்து மில்லி நிரப்பி, அடியில் அடைத்திருக்கும் விரலை எடுத்து, பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். மிச்சம் நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால் சரி. "தண்ணின்னா ஈஸி, ரோலண்ட் சார். காத்து இருக்கறதுல போட்டா பொங்கும். பாத்து."

பொங்கியது. முதல் கோப்பை மேசைவிரிப்பைத் தாண்டித் தரைக்குப் போனது. காற்று இறங்கட்டும் என்று காத்திருந்து கலக்கினால் குமிழியே இல்லை, கோந்து போலக் கிடந்தது. "நுரை இல்லாட்டி அது என்ன விழா ஒயின்? தபால் ஒட்டலாம்." மார்ச் முழுக்க, காலை உணவு ஆனதும், அதே மேசையில் அதே வேலை. ஒவ்வொன்றையும் வாயில் போட்டுத் துப்பினார். கெட்டியானதைத் துப்புவது அசிங்கமான காரியம், நூல் நூலாக நீளும்.

குன்றின் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த, பாட்டிலில் தங்க நிறச் சீட்டு ஒட்டியதால் தங்கச் சீட்டு என்று பெயர் பெற்ற ஒயின், ஊரின் பெருமை, லண்டனில் பரிசு வாங்கியது, பொடி விழுந்ததும் எலுமிச்சை பிழிந்த சுவர்ப்பசையாக மாறியது. உலர்ந்த சுவையுள்ள எல்லாமே அப்படித்தான், புளிப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஐந்து ஒதுங்கின. கென்ட் பாட்டில் ஆறாவதாக ஒதுங்கியது.

ஏழாவது, சிவப்பு சாக்ஸ். ஒரு கால்நடை மருத்துவரின் விதவை நாலு ஏக்கரில் போடுவது. கொஞ்சம் இனிப்பு. ஊரில் மதிப்பில்லாதது, கல்யாணத்தில் கேக்கோடு கொடுப்பார்கள். பாதிக் காற்று இறங்கியதும் பொடியைத் தூவி மெல்லச் சுழற்றினார். பொங்கவில்லை. சிரிஞ்சில் மிச்சம் ஆறு. கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குமிழிகள் மேலே போகவும் முடியாமல், உடையவும் செய்யாமல், ஒயினுக்குள் வந்த வந்த இடத்திலேயே நின்றிருந்தன. வாயில் பேரிக்காய் வாசம்.

"பின் சீட்டுல பாட்டுப் பாடிக்கிட்டு வர்ற பொண்ணு," என்றார், துப்பிவிட்டு. அன்று அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று தெரியும்.

குழுவில் அறிவித்தபோது லின்ட்சி பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கேக் ஒயினா? எண்பதாம் வருஷத்துக்கா?"

"ஆமா."

"தங்கச் சீட்டு எங்கே போச்சு? பத்திரிகைக்காரங்க வர்றாங்க, ரோலண்ட். நம்ம ஊர்ப் பேரு."

"குடிச்சுப் பாத்தேன். இதுதான்."

"எங்கே குடிச்சீங்க? துப்பித்தானே பாக்கறீங்க!" மேசை சுற்றிலும் சிரிப்பு. யாரோ, "வயசாச்சுன்னா நாக்கும் ஓய்வுக்குப் போயிடும்பா," என்றார்கள். ரோலண்ட் சாவி வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வாயும் அடைத்திருக்கும்.

விழாவன்று வானம் காலையிலிருந்தே கறுத்திருந்தது. தெருவில் போட வேண்டிய மேசைகளை மண்டபத்துக்குள் தள்ளினார்கள். நனைந்த தோரணங்களிலிருந்து சாயம் சொட்டியது. ஈரக் கோட்டுகளின் வாடை, சாஸேஜ் ரோல் வாடை. முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஊர்க் கிளை இந்த வருடத்தோடு மூடப்படுகிறது என்ற அறிவிப்பை ஒலிபெருக்கியில் படித்தார்கள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

சமையலறையில், மண்டபத்துக்கு ஊற்றிய அதே பாட்டிலிலிருந்து, ரோலண்ட் ஒரு கோப்பை நிரப்பினார். பொடி. சுழற்றல். சிரிஞ்சில் ஆறு. மாரிதெஸும் ஒருமுறை பார்த்தாள், தலையசைத்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தார். முப்பத்தொரு வருடம் குழந்தைகளை ஏற்றிப் பனியில் ஓட்டிய கைகள்.

வில்ஃப் எழுந்தார். நாற்காலிக் கைப்பிடியில் ஒரு கை, மாரிதெஸின் தோளில் ஒரு கை. ஒன்பது பெயர்களையும் சொன்னார். நடுவில் ஒருமுறை நின்றார். மறந்துவிட்டாரோ என்று மண்டபம் மூச்சைப் பிடித்தது. மறக்கவில்லை, அந்தப் பெயருக்கு மட்டும் எப்போதும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு கோப்பையை ரோலண்ட் கையிலிருந்து வாங்கி, மோவாயைத் தாழ்த்தி, ஒரு வாய் எடுத்தார்.

தொண்டை அசைந்தது. நின்றது. ரோலண்ட் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அசைந்தது. இருமல் வரவில்லை.

ஊர் குடித்தது. மேசைக்கு மேசை முகம் சுளித்ததும், கோப்பைகள் முக்கால்வாசி குறையாமலேயே மேசைக்குத் திரும்பியதும் தெரிந்தன. லின்ட்சி உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சர்க்கரைத் தண்ணி," என்று பக்கத்தில் சொன்னது தெளிவாகவே கேட்டது.

வில்ஃப் இன்னொரு வாய் எடுத்தார். இன்னொன்று. கோப்பையில் கால்வாசி மிச்சம்.

"எப்படி இருக்கு, பெரியவரே?" ரோலண்ட் குனிந்து கேட்டார்.

"கண்றாவியா இருக்கு." உட்கார்ந்து மூச்சு வாங்கினார். உதட்டோரத்தில் ஒட்டியிருந்ததை மாரிதெஸ் துடைத்துவிட்டாள். "அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன். உன்னை விட்டா அந்தப் பேரையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவன் வேற எவன் இருக்கான்? என்கூட ஒருத்தனும் முழுசா குடிக்கல, பாரு." மீதியிருந்த கோப்பையை நீட்டினார். "துப்பாம முழுங்குடா, துப்பறவனே."

ரோலண்ட் கோப்பையை வாங்கினார். குமிழிகள் இன்னும் அதற்குள் நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பச்சைக் குவளை வீட்டில் இருந்தது. ஒரே மூச்சில் கவிழ்த்தார், கண்ணை மூடினார், விழுங்கினார்.

பிறகு லின்ட்சியின் மேசைக்குப் போய், இடுப்பு வளையத்திலிருந்து வேன் சாவியைக் கழற்றி, அவர் குடிக்காமல் தள்ளி வைத்திருந்த நிறைகோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.