முத்தலிப் போட்ட குட்டிக்கரணம்

கல்முனையை விட்டுப் பொத்துவிலில் குடியேறிய முத்தலிப், பதினான்கு வருடமாக அறுகம்பேக்குப் பக்கத்தில் கடல்நீர் தேங்கும் களப்பில் விசைப்படகு ஓட்டுகிறார். கால்களைப் பலகையில் பூட்டி, கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் வழுக்கி வரும் வெள்ளைக்காரர்களை இழுப்பதுதான் வேலை. படகு கிளப்பும் அலையில் ஏறி அவர்கள் அந்தரத்தில் குட்டிக்கரணம் போடுவதை ஆயிரம் தரம் பார்த்திருப்பார். நாற்பத்தொரு வயதில், சீசன் முடிந்து களப்பு வெறிச்சோடிய ஒக்டோபரில், தானும் ஒன்று போட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வருவார். கூட வேலை செய்யும், அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் பாண்டிருப்பு ஊர்த் தனுசன் படகை ஓட்டுவான். மூன்று கிழமையாக ஒவ்வொரு காலையும் பத்துப் பன்னிரண்டு தரம் விழுந்தார். வீட்டுக்குப் போனால் கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியாது. மனைவி சுல்பிகா கழற்றி, முதுகில் தைலம் தேய்ப்பாள்.

“இந்த வயசில இதென்ன புடிவாதம்?”

“எனக்கே விளங்குதில்ல புள்ள.”

மழைக்கு முன் எஞ்சினைக் கழற்றி வைக்க வேண்டிய கடைசி நாள். ஆறாவது தரம் விழுந்து மல்லாந்து மிதந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் பாயும் நேரமெல்லாம் எஞ்சின் சத்தம் இறங்குகிறது. நீந்திப் போய்ப் படகைப் பிடித்தார்.

“தம்பி, நான் பாயக்குள்ள நீ வேகத்தக் குறைக்கிறாய், என்ன?”

தனுசன் தலை குனிந்தான். “ஓம் காக்கா. முதல் கிழமை விழுந்து அசையாமக் கிடந்தீங்க. அதுக்குப் பிறகு கை தன்னால இழுக்குது.”

கோபப்படவும் அவரிடம் தெம்பில்லை. “கயிறு தொய்ஞ்சா நான் எப்படிச் சுத்துற? இந்த ஒரு தரம் குறைக்காத.”

ஏழாவது தரம் கயிறு விறைப்பாகவே நின்றது. அலை தூக்கியது. வானம் காலடிக்குப் போனது, திரும்பி வந்தது. பலகை தண்ணீரில் அறைந்து, முழங்கால் மடங்கி, அவர் நின்றுகொண்டிருந்தார். முப்பது அடி போனதும் கயிற்றை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். கத்த வேண்டும் போலிருந்தது; மூச்சுத்தான் வந்தது.

தனுசன் அவரைத் தூக்கி ஏற்றினான்.

“நான் போட்ட கரணம் எப்படி இருந்த?”

“நான் திரும்பிப் பாக்கல்ல காக்கா. பாத்தா கை குறைச்சிரும்.”

முத்தலிப் சிரித்தார். விலா வலித்தது.

“இன்னொருக்காப் போடுங்க, பாக்கிறன்.”

“ஏலா மனே. உடம்பு விட்டுப் போச்சு.”

படகின் அடிப்பலகையில் அப்படியே சாய்ந்தவர், கரை வருவதற்குள் தூங்கிப்போனார்.