கிட்டு சாரின் பாக்கெட் துணி

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருக்கும் பக்கீர் முகமதுவின் தையல் கடையில் எந்தத் துணியும் வீணாவதில்லை. சட்டையில் மிஞ்சியது காலருக்குள் போகும். திரைச்சீலையில் மிஞ்சியது தலையணைக்குப் போகும். பேண்ட் பாக்கெட்டின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதால் கைக்கு அகப்பட்டதை அதில் வைத்துத் தைத்துவிடுவார். பல்லாவரத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் காஜா எடுக்கவும் பிறகு கட்டிங்கும் கற்று, 1990இல் தனியாகக் கடை போட்ட நாளிலிருந்து அதுதான் வழக்கம். எங்கள் காலனியில் பலர் அடுத்த வீட்டுத் துணியைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் போய்வந்தார்கள்.

கிட்டு சார் கடையின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். கிண்டியில் வேலை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். பாய்க்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மிஷினை மிதித்தபடி கேட்டுக்கொள்வார். ரம்ஜானுக்கு பாயின் மனைவி சபீஹா ஒரு தூக்கில் சேமியா அனுப்புவார். தீபாவளிக்கு அதே தூக்கு, கிட்டு சாரின் மனைவி ஞானாம்பாள் சுட்ட முறுக்கோடு திரும்பி வரும். பதினாறு வருடம் இப்படி.

2006 தேர்தலுக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் பாயிடமே கொடி தைக்கக் கொடுத்தார்கள். இரண்டு கொடியும் மேலே கறுப்பு, கீழே சிவப்பு. ஒன்றில் மட்டும் நடுவே வெள்ளையில் தலைவர் படம் வரும். பாய் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தைத்துவிட்டு, பாதியை அச்சுக்கு அனுப்புவார். முன்பெல்லாம் இரு தரப்பும் ஒரே பெஞ்சில் காத்திருந்து டீ குடித்ததுண்டு. இந்த முறை ஒருவர் வந்தால் மற்றவர் ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய் நின்றார். பக்கத்து டீக்கடை டிவியில் ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு சேனல் தலைகளாகக் காட்டியது. இன்னொன்று காலி நாற்காலிகளாகக் காட்டியது. கிட்டு சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டிவியோடு சண்டை போட ஆரம்பித்தார். அவர் படம் போட்ட கட்சி. டீக்கடை நடத்தும் தாவீது மற்றக் கட்சி.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை, சபீஹா தைத்த சுடிதாரை வாங்க நான் கடையில் நின்றிருந்தேன். கிட்டு சார் புதுப் பேண்ட்டிலிருந்து கர்சீப்பை உருவினார். பாக்கெட்டும் கூடவே வெளியே வந்து தொங்கியது. மேலே கறுப்பு, கீழே சிவப்பு. படம் இல்லை.

"டேய் மச்சான், இங்க பாரு!" என்று தாவீது டீக்கடைக்குள் குரல் கொடுத்தார். "வெளிய ஒரு கட்சி, உள்ள நம்ம கட்சி! இன்னா சார், இத்தினி நாளா சொல்லவே இல்ல?"

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கிட்டு சார் பாக்கெட்டை உள்ளே திணித்துக்கொண்டு பாயின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"என்ன பாய் இது? என் பேண்ட்டுக்குள்ள அவங்க கொடியா?"

"ஐயோ சார், அது வெறும் மிச்சத் துணி. அவங்களுதுன்னு யாரு சொன்னது? உங்க கட்சியோடதாக்கூட இருக்கும். படம் அடிக்கிற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதானே?"

இதில் சமாதானமாகிவிடுவார் என்றுதான் பாய் நினைத்தார்.

"ரெண்டும் ஒண்ணா? அப்போ எங்க கொடியத்தான் அழுக்குக் கர்சீப் வைக்கிற எடத்துல வச்சுத் தைச்சீங்களா?"

"எதுன்னு சொன்னா சார் உங்க கோவம் போகும்?"

பாய் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்க யார் பக்கம் பாய்? அத மட்டும் சொல்லுங்க."

பதினாறு வருடத்தில் கேட்காத கேள்வி. பாய் தாவீதைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். அதற்குள் கிட்டு சார் போய்விட்டார்.

"எங்காளுன்னு சொல்லிட வேண்டியதுதானே பாய்?" என்றார் தாவீது.

"நீ வேற பேஜார் பண்ணாத."

உள்ளிருந்து வந்த சபீஹா சுடிதாரை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "போன தடவ சார் கட்சிக்குத்தானே ஓட்டு போட்டீங்க? சொன்னா என்ன, பொய்யா அது?"

"பொய் இல்ல. ஆனா இப்ப சொன்னா பொய் மாதிரி கீது."

மறுநாளிலிருந்து கிட்டு சார் ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி, பின் தெரு வழியாக வீட்டுக்குப் போனார். பாய் சபீஹாவை அனுப்பி அந்தப் பேண்ட்டை வாங்கிவரச் சொன்னார். கறுப்பு சிவப்பைப் பிரித்துவிட்டு, புதிதாக வாங்கிய வெள்ளைத் துணியை வைத்துத் தைத்து அனுப்பினார். பாக்கெட்டுக்கென்று அவர் துணி வாங்கியது அதுதான் முதல் தடவை. பிரித்த துண்டைக் குப்பையில் போட்டால் யார் பார்த்து என்ன கேட்பார்களோ என்று மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார். மாலைப் பேப்பரை மட்டும் தினமும் தானே வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

தேர்தல் முடிந்து, கம்பங்களில் கொடிகள் வெளுத்த பிறகு, ஜூனில் ஒரு நாள் கிட்டு சார் பேண்ட் துணியோடு வந்தார். நான் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த புடவைக்காகக் காத்திருந்தேன். பாய் அவசரமாக எழுந்து பெஞ்சைத் துடைத்தார். கிட்டு சார் உட்காரவில்லை.

"உள்ள வெள்ளைதான் போடணும்."

"வெள்ளைதான் சார். இடுப்பு?"

"பார்த்துக்கோங்க."

பாய் டேப்பைச் சுற்றினார். முப்பத்தாறு. மாறவில்லை.

"பேப்பர் கீது சார்."

கிட்டு சாரின் கை பெஞ்சுப் பக்கம் போனது. அப்போது டீக்கடை டிவியில் செய்தி ஆரம்பித்தது. தாவீது சத்தத்தைக் கூட்டினார். கிட்டு சார் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "வீட்டுல வேலை இருக்கு பாய்" என்று கிளம்பினார்.

என் புடவையோடு வெளியே வந்த சபீஹா கேட்டார், "வந்துட்டாரா?"

"துணி குடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்போ கோவம் போயிடுச்சா?"

"தெரியல" என்றார் பாய். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, முதல் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.