மொர்வெய் ஒயினும் பரமேஸ்வரனின் மூக்கும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பரமேஸ்வரன், கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தட்டு எடுக்கும் வேலையில் சேர்ந்து, ஒயின் பரிமாறும் பிரிவுக்கே தலைவரானவர். எந்தப் புட்டியைத் திறந்தாலும் முதலில் முகர்வது அவர்தான். ஒயின் கெட்டுப்போயிருந்தால், நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் லேசாக அடிக்கும். அடித்தால் அந்தப் புட்டி மேசைக்குப் போகாது.

அவர் மனதுக்குப் பிடித்தது ஷாத்தோ மொர்வெய். பிரான்சின் போர்தோ பக்கம், பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் திராட்சைத் தோட்டம். அதன் சிவப்பு ஒயின் இளசாக இருக்கும்போது நாக்கைப் பிடித்து இழுக்கும். வயதானால் சுருட்டுப் பெட்டியும் மழை விழுந்த மண்ணும் கலந்த மணம் வரும். பரமேஸ்வரன் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அந்த மணம் வந்தால் போய்வந்ததுபோல இருக்கும்.

அவருக்கும் கொரோனா வந்தது. காய்ச்சல் போயிற்று, ஆனால் மூக்குக்கு வாசனை தெரிவது திரும்பவில்லை. மனைவி தனலெட்சுமியிடம் மட்டும் சொன்னார்.

"டாக்டர் என்னதான் சொல்றாரு?"

"வந்தாலும் வரலாம், வராமலும் போகலாமாம்."

"ஹோட்டல்ல சொல்லிடுங்களேன்."

"மூக்கு இல்லன்னா நான் அங்க எதுக்கு?"

சொல்லவில்லை. நிறத்தைப் பார்ப்பார், தக்கையைத் தடவுவார், முகர்வதுபோலக் குனிந்து தலையாட்டுவார். விருந்தாளி கிளாஸைத் தூக்கும்போது அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. கெட்டதை எத்தனை பேருக்கு ஊற்றியிருப்போம்?

அப்போதுதான் மொர்வெய் குடும்பத்து அம்மையார் ஒருவர், தம் நிலவறையில் இருந்த பழைய புட்டிகளோடு விருந்து வைக்க வந்தார்.

"அண்ணே, நீங்கதான் ஓப்பன் பண்ணணும், வேற யாரும் தொட வேணாம்லா," என்றார் மேனேஜர் சுகுமாறன்.

தக்கை உதிர்ந்து உதிர்ந்து வந்தது. பரமேஸ்வரன் குனிந்து மூச்சை இழுத்தார். வெறும் காற்று. தலையாட்டிவிட்டு ஊற்றினார். விருந்தாளிகள் குடித்துவிட்டு ஆகா என்றார்கள். அம்மையார் மட்டும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தார். பரமேஸ்வரனைப் பக்கத்தில் அழைத்து, முகர்ந்து பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"பார்த்தேன் மேடம். எனக்கு ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளாவே தெரியறதில்ல."

அம்மையார் அடுத்த புட்டியைத் தாமே திறந்தார். யாரும் திட்டவில்லை. அடுத்த வாரம் பரமேஸ்வரனைக் கீழ்த்தளத்தில் கிளாஸ் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். தனலெட்சுமி மதியமே கிள்ளானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வேலை முடிந்து வந்தவர் குளித்துவிட்டு, சாமி விளக்கை ஏற்றத் தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்தார். கதவு படபடவென்று இடிபட்டது. எதிர்வீட்டு சௌதா.

"அண்ணே! கேஸ் நாறுது! படிக்கட்டு வரைக்கும் வருது! லைட்டுகூடப் போட்டுறாதீங்க!"

கதவைத் திறந்தார். அவள் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உங்களுக்கு நாறவே இல்லையா?"

அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. விரலிடுக்கில் தீக்குச்சி அப்படியே இருந்தது. அதை அவளே பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த வீட்டில் மின்சார அடுப்புதான். இருந்தும் தனலெட்சுமி இல்லாத நாளில் அவர் வேலையிலிருந்து வந்தால் பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்கிறார்.

"சௌதா, ஒரு தடவை உள்ள போய் மோந்து பாரும்மா."

அவளும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். "ஒண்ணும் இல்லண்ணே, போங்க."

அவர் உடனே உள்ளே போவதில்லை.