வயர்லெஸ் கதவில் ஆறு பெயர்கள்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வழக்கமாக எனக்கு எழுதுகிறவர்கள் மூட்டுவலித் தைலம் விற்பவர்கள்தான். இது இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் எழுதியது. அவளுடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் ஓட்டியவராம். அந்த நாட்டில் ஸ்பிட்ஃபயர் என்றால் அப்படியொரு பக்தி. ஒவ்வொரு விமானமும் எங்கே பிறந்தது, எங்கே விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தாத்தா ஓட்டிய விமானத்தின் கதை மட்டும் பாதியில் நிற்கிறது. போர் முடிந்து, நம் நாட்டுக்குக் கைமாறி, வயதாகி, ‘தென்னிந்தியாவில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்துக்குப் பயிற்சிப் பொருளாகக் கொடுக்கப்பட்டது’ என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ‘அதற்குப் பிறகு என்ன ஆயிற்று, உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டிருந்தாள்.

தெரியும். அதை வெட்டி லாரியில் ஏற்றியவனே நான்தான்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது வாசனை. வெயிலில் காய்ந்த ரப்பர், பழைய எண்ணெய், அதோடு மைனாக் கூட்டின் புழுக்கம். தருமபுரி பக்கத்தில் இருந்த எங்கள் பயிற்சிக் கூடத்தின் பின்புறம், வேலிகாத்தான் செடிகளுக்கு நடுவே அது நின்றது. சக்கரம் இரண்டும் மண்ணில் புதைந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு. என்ஜினை எப்போதோ கழற்றி விட்டிருந்தார்கள். என்ஜின் இருந்த பள்ளத்தில் மைனாக்கள் குடித்தனம் நடத்தின. மாணவர்கள் அதன் இறக்கை நிழலில் சோறு தின்பார்கள். நான் அப்போது இருபத்து மூன்று வயது ஒர்க்‌ஷாப் உதவியாளன். அகலக் கால்சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. சாவிக்கொத்து குலுங்கும் சத்தத்துக்காகவே வேகமாக நடப்பேன். ஸ்டோரில் இருந்த ஒரு ஆணிகூட என்னைக் கேட்காமல் நகராது என்று ஒரு நினைப்பு.

அங்கேதான் பெருமாளைப் பார்த்தேன். காரிமங்கலத்திலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பஸ் ஏறி வருவார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், துவைத்த வேட்டி. விமானத்தின் இடப்பக்கம் போய் நிற்பார். விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால், வயர்லெஸ் பெட்டி வைப்பதற்காக ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு காவலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். போர்க்காலத்தில் அதே விமானத்தைப் பழுது பார்த்த ஆட்களில் ஒருவர் என்று காவலாளி சொன்னார். நான் நம்பவில்லை. ஊருக்கு ஒரு பட்டாளத்துக் கதை இருக்கும், இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

கட்டடம் விரிவாக்க வேண்டும், விமானத்தை வெட்டி அப்புறப்படுத்துங்கள் என்று உத்தரவு வந்தது. எப்படித் தெரிந்ததோ, மறுநாளே பெருமாள் வந்துவிட்டார். அன்று அமாவாசை இல்லை.

“சார், பிளேன் வேண்டாங்க. அந்தக் கதவு ஒண்ணு மட்டும் குடுத்துருங்க. முழம் அகலங்கூட இருக்காது.”

“எதுக்குங்க அது?”

“அதுல எங்க பசங்க இருக்காங்க சார்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “சர்க்கார் சொத்துங்க. மனு எழுதிக் குடுங்க, பெரியவர்கிட்ட வைக்கிறேன்” என்றேன். அவர் தரையில் குந்தி, என் பேனாவை வாங்கி, அரை மணி நேரம் எழுதினார். மனுவை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். எங்கள் பெரியவர், அதாவது பயிற்சிக் கூடத் தலைவர், எரிந்து விழுகிற மனிதர். காலையில் வைக்கலாம், மதியம் வைக்கலாம், அவர் முகம் நன்றாக இருக்கும்போது வைக்கலாம் என்று ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் லாரி வந்துவிட்டது.

கோடாலியால்தான் வெட்டினார்கள். அந்தச் சத்தம் இரும்பை வெட்டுகிற மாதிரி இருக்காது. தகரப்பெட்டிக்குள் யாரோ அறைபடுகிற மாதிரி இருக்கும். மைனாக்கள் வேலிகாத்தான் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன. வால் பக்கத்தை முடித்துவிட்டு ஆட்கள் நடுப்பகுதிக்கு வந்தபோது, அந்தச் சின்னக் கதவு கழன்று என் காலடியில் விழுந்தது. எடுத்துத் திருப்பினேன்.

உள்பக்கத்தில் திருப்புளியால் கீறித் தமிழில் எழுதியிருந்தது. ஆறு பெயர்கள். கடைசியில் ‘குண்டு விழுந்து செத்தவர்கள். எழுதியது பெருமாள்.’

ஒரு தடவை படித்தேன். அப்படியே ஒளித்து வைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் லாரிக்காரர், “சார், குடுங்க சார், நேரமாவுது” என்று மேலிருந்து கை நீட்டினார். கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தாய் என்று என்னை நானே கேட்காத வருடம் இல்லை. பயம்தான். பட்டியலில் இருந்த பொருள் ஒன்று குறைகிறது என்ற பயம்.

அடுத்த அமாவாசைக்குப் பெருமாள் வந்தார். விமானம் நின்ற இடத்தில் எண்ணெய் குடித்த கருப்பு மண் மட்டும் இருந்தது. இடப்பக்கம் எதுவென்று கணித்து, அங்கே போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“கதவைத் தொறந்து யாராச்சும் பாத்தாங்களா சார்?”

“இல்லைங்க” என்றேன்.

“செரிங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. மனு இழுப்பறையிலேயே இருந்தது. வேலை மாற்றலாகிப் போனபோது அதையும் கிழித்துப் போட்டேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு அப்படியே எழுதினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். போன வாரம் நேரில் வந்துவிட்டாள். இருவரும் காரிமங்கலத்தில் விசாரித்துக்கொண்டு போனோம். பெருமாள் காலமாகி வெகு நாளாகிவிட்டது. அவருடைய மகள் சரோஜாதான் வீட்டில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். நான் யாரென்று சொல்லி, அன்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

சரோஜா திண்ணையைக் காட்டி உட்காரச் சொன்னார். “அப்பாவுக்குத் தெரியுங்க. வூட்டுக்கு வந்து, ‘அந்த சார் படிச்சிட்டாரு, மொகத்துலயே தெரிஞ்சிது. ஒருத்தராச்சும் படிச்சாங்களே’ன்னு சொன்னாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“அமாவாசைக்கு ஆறு எலை போடுவாருங்க. யாருக்குன்னு கேட்டா, ‘எங்கூட இருந்தவங்களுக்கு’ன்னு சொல்லுவாரு, பேரு சொல்ல மாட்டாரு. அவரு போனப்புறம் நானுந்தான் போட்டுக்கிட்டு வர்றேன். யாருக்குப் போடறோம்னு தெரியாமயே போடறேங்க. உங்களுக்கு அந்தப் பேருங்க நெனப்பு இருக்குதுங்களா?”

வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மொழி புரியவில்லை. ஆனாலும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

மாதையன் என்றேன். அந்தோணி என்றேன். கொஞ்சம் பொறுத்து, காதர். சரோஜா ஒவ்வொன்றையும் மெல்லத் திருப்பிச் சொன்னார். நாலாவது ‘கு’வில் தொடங்கும். குப்புசாமியா, குமரேசனா, குழந்தையா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதுவும் அது இல்லை. மற்ற இரண்டும் எந்த எழுத்தில் தொடங்கின என்றுகூட வரவில்லை. அவற்றைப் படித்தவன் என்று உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். சரோஜா அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார்.