மீன் வாசம் போகாத வாளி

பிளாஸ்டிக் பிரிக்கிற வேலைக்கு வருகிறவர்கள் மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். பெருநாளைக்கு வாங்கிய வாளியின் கைப்பிடி அடுத்த பெருநாளைக்கு முந்தியே கழன்று, அதை எங்கே எறிவதென்று தெரியாமல் கிணற்றடியில் போட்டு வைத்திருக்கிற சகோதரிகளே, அந்த வாளி கடைசியில் எங்களிடம்தான் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் எனக்குக் கதைக்க வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கழிவு

மாம்புரியில் உப்புத் தண்ணீர்க் களப்போரமாகப் பிரதேச சபை எங்களுக்கு ஒரு கொட்டில் போட்டுத் தந்தது. உடைந்த கதிரை, எண்ணெய்க் கேன், மீன் கூடை எல்லாம் அங்கே வரும். நாங்கள் சில பெண்கள் அவற்றை இனம் பிரித்துக் கழுவி, சிலாபம் பக்கத்து மில்லுக்கு அனுப்புவோம். அங்கே உருக்கிப் புது வாளி செய்வார்கள். கொட்டில் வாசலில் ‘பிளாஸ்டிக் கழிவு நிலையம்’ என்று பெரிய பலகை.

திறந்ததோ பெருநாள் நெருக்கத்தில். எங்கள் பக்கத்துக் கடைகளில் கழிவு என்றால் விலைக் குறைப்புத்தானே. கற்பிட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு உம்மா, பிள்ளைகளோடும் பெரிய பேக்கோடும் உள்ளே வந்து குவியல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். கூட வேலை செய்கிற ஜெஸீமா ராத்தாதான் விளக்கம் சொன்னா. அந்த உம்மா நம்பவேயில்லை. அடி வெடித்த ஒரு பேசினைத் தூக்கிக் காட்டிக் கேட்டா:

“கழிவு போட்டா சாமான் கொஞ்சம் முன்னப்பின்ன இரிக்கும்தான். அதுக்காக இவ்வளவு ஓட்டையாவா?”

கருவாட்டு வாளி

ஒருநாள் நாங்கள் அனுப்பிய லோட் அப்படியே திரும்பி வந்தது. களப்போரக் கிணறு உவர். எவ்வளவு தேய்த்தாலும் மீன் கூடையில் உப்புப் படியும், வாசமும் போகாது. மில் முதலாளி சிங்களவர், மாத்தயா என்போம். லொறியோடு அவரே வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற, உருக்கி வார்க்கிற பிளாஸ்டிக் மணி எங்கள் சாமானைவிட மலிவாம், வாசமும் இல்லையாம். அடுத்த லோடும் இப்படியென்றால் இனி லொறி வராது என்றார்.

லொறி வராவிட்டால் கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான். என் புருஷன் கடலுக்குப் போகிறவர். காற்றுக் காலத்தில் அவருக்குத் தொழில் இல்லை. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிவது இந்தக் கொட்டிலால்தான். மாத்தயா எங்கள் முந்தைய லோடில் செய்த ஒரு புது வாளியை என் கையில் தந்து மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். மீன் வாசம். அவர் சொன்னார்:

“தங்கச்சி, நான் வாளி விக்கிறவன். கருவாடு விக்கிறதில்ல.”

கருத்துச் சொல்லுங்கள்

கொழும்பிலிருந்து அதிகாரிகள் பாலாவிக்கு வந்து கூட்டம் வைத்தார்கள். ராத்தாவும் நானும் போனோம். பழைய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கிற தொழிலுக்குப் புதுச் சட்டம் எழுதப் போகிறார்களாம், தொழில் செய்கிறவர்களின் கருத்து வேண்டுமாம். பழைய பிளாஸ்டிக் சேர்த்து விற்கிறவர்கள் எழும்பி, வெளிநாட்டு மணிக்கு வரி போடுங்கள், வாளி செய்கிறவர்கள் உள்ளூர்ச் சாமானும் கலக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள் என்றார்கள். பிறகு மைக் என் கைக்கு வந்துவிட்டது.

மடியில் மகள். மண்டபம் முழுக்க ஆட்கள். “தண்ணி வேணும்” என்று மட்டும் வாயில் வந்தது. அதிகாரி பாவம், பதறி எழும்பித் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். நானும் வாங்கிக் குடித்துவிட்டேன்! ராத்தா என் கையிலிருந்த மைக்கைப் பறித்தா:

“குடிக்க இல்ல சேர், கூடை கழுவ! எங்களுக்கு நல்ல தண்ணி வேணும்! இவள் இனி நாளைக்குத்தான் வாய் திறப்பாள்!”

திரும்பி வந்த லொறி

சுணங்கித்தான் வந்தது, ஆனாலும் குழாய் வந்தது. வரியும் கலப்புச் சட்டமும் வந்துவிட்டன, ஆனால் வாசம் இருந்தால் எடுக்கமாட்டேன் என்று மாத்தயா போனில் சொன்னார். நல்ல தண்ணீரில் கழுவினோம், வெயிலில் காயவிட்டோம், ஆளுக்கு ஆள் மோந்து பார்த்து ஏற்றினோம்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் கூப்பிடாமலேயே லொறி வந்து நின்றது. மேலே தறப்பாள் இறுக்கிக் கட்டியிருந்தது. ஏற்றிய லோடும் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தோம். ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டா. ட்ரைவர் நானா குதித்து இறங்கித் தறப்பாளை உதறினார்.

“என்ன, மையத்து வீடு மாதிரி நிக்கிறீங்க? உள்ளுக்கு எல்லாம் வெறும் சாக்கு! மிச்சத்தையும் இதுல கட்டி ஏத்தச் சொன்னாரு மாத்தயா!”

அரசாங்கம் ஒரு சட்டமும் ஒரு குழாயும் தந்துவிட்டது. தேய்க்கிற வேலையை மட்டும் எங்களுக்கென்றே விட்டுவைத்திருக்கிறது.