இருபது வரிசை

விதைத்த அன்று நிலத்தில் நானும் அண்ணனும் இருந்தோம். அம்மா இல்லை, தங்கச்சியின் பிரசவத்துக்காகப் போர்ட் பிளேயர் போயிருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அந்தமானின் ஹட் பேயில் அவர் விட்டுப்போனது அந்த முப்பது வரிசை நிலம்தான். அண்ணன் ஒரு கம்பின் நுனியிலிருந்து இரண்டங்குலம் தள்ளிச் சிவப்பு நாடா சுற்றி, நாடா மண்ணைத் தொடும்வரை குத்திக்கொண்டே முன்னால் நடந்தான். நான் பின்னால் மக்காச்சோளத்தைப் போட்டுக் காலால் மூடினேன். பத்து வரிசை முடிந்தபோது போன் வந்தது. அண்ணன் ஏறவேண்டிய கப்பலின் புரோகிராம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை இல்லை, நாளைக் காலையே.

சென்னையில் அவனுக்குக் கட்டட வேலை. அறுவடை சமயத்துக் கப்பல் நாளில் ஆயிரத்து ஐந்நூறு பச்சைக் கதிர் வரை எடுத்துக்கொள்வதாகவும், கதிருக்குப் பதினைந்து ரூபாய் என்றும் ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். "அந்தக் காசுல மோட்டார் வாங்கிடு. தண்ணி இருந்தா நான் ஏன்டா மெயின்லேண்டுல கெடந்து சாகணும்? வந்துடறேன்" என்று சொல்லித்தான் ஏறினான்.

மீதி இருபது வரிசையில் குத்துவதும் நானே, போடுவதும் நானே. ஆறு நாள் இழுத்தது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வீட்டில் யாரும் இல்லை. நாடாவைப் பார்ப்பதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை; குழிகள் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் விழுந்தன. அண்ணனின் பத்து வரிசையும் ஒரே காலையில் தலைகாட்டின. என்னுடையவை இன்றைக்கொன்று, நாலு நாள் கழித்தொன்று என்று வந்தன. இடைவெளி தெரிந்த இடத்திலெல்லாம் மறுபடி விதை ஊன்றினேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், அப்படித்தான் படித்திருந்தேன்.

பக்கத்து நிலத்து வங்காளி வரப்பில் நின்று சிரித்தார். "ஏ படிச்ச பாய், லேட்டா வந்ததெல்லாம் காஸ்தான், புல்லு. பிடுங்கிப் போடு. ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கியா என்ன?"

முளைத்ததைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. முந்தி வந்தவற்றின் நிழலில் அவை மெலிந்து நின்றன. கதிர் பிடிக்காமலேயே உரத்தையும் ஈரத்தையும் தின்றன. அவற்றுக்குப் பங்கு கொடுத்து, முந்தி வந்தவையும் சிறுத்தன.

கப்பல் வந்த அன்று அண்ணனின் பத்து வரிசையில் ஐந்நூறு கதிர் தேறியது. என் இருபதில் இருநூறு. மற்றவற்றில் பாதி மணியே கட்டவில்லை. மீதி அடுத்த கப்பலுக்குள் முற்றிப்போனது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கம்புல நாடா இருந்துச்சேடா."

"தனியா செஞ்சேன்ணே."

"டீக் ஹை, சரி விடு. சாப்பிட்டியா?"

அவன் ஊருக்குத் திரும்பி வரவில்லை. இப்போதும் நான் தனியாகத்தான் விதைக்கிறேன். மோட்டார் விலைக்கு அன்று எங்களுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்தான் குறைந்தது.