தோ, பத்து நிமிசம்

சதுரங்கப்பட்டினத்தில் யாரிடம் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் "தோ, பத்து நிமிசம்" என்பார்கள். ஊராருக்கு அது வாய்ப்பேச்சு. வரதனுக்கோ அதுவே வினையாக வந்து சேர்ந்தது.

கோட்டைக்குப் பின்னால் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி, கால்வாய்க் கரையிலும் ஏரிப் பக்கமும் நிம்மதியாக நடக்க வருகிறவர்களைத் தங்க வைத்துப் பிழைத்தவன் அவன். சுனாமியில் கடல் பொங்கிய பிறகு ஒன்றரை வருஷம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாயிரத்து ஆறு ஜூலையில்தான் தாம்பரத்து நடைக் குழுவின் செயலாளர் கோபாலகிருஷ்ணன், மனைவி ராஜத்தோடு வந்து இறங்கினார்.

"இடம் பிடிச்சா மாசாமாசம் எங்க ஆளுங்களை அழைச்சிட்டு வரேன்" என்றார். வரதனுக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் அவன் துணைக்குக் கிளம்பினான். "வேண்டாம்ப்பா, பேச்சுத் துணையில்லாம நடக்கணும். ஏரி எவ்வளவு தூரம்?"

"தோ, பத்து நிமிசம் சார்."

ஆறரைக்குப் போனவர்கள். எட்டரைக்கு இட்லி ஆறிப் போயிற்று.

"இன்னாய்யா, ஆளையே காணோம்?" என்று வந்தாள் அவன் மனைவி செங்கம்மாள். "அந்தம்மா சக்கர மாத்திரைய போட்டுக்கினு போச்சே! திரும்பி வந்து நாஸ்தா துன்றேன்னுச்சே!"

வரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு கிலோமீட்டர் ஐயா அந்த ஏரி! வாழைப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். எதிரே வந்தவர்களையெல்லாம் கேட்டான்.

"தோ, இப்பத்தான் போனாங்க. பத்து நிமிசங்கூட ஆவல."

பாவிகளா, உண்மையைச் சொல்லித் தொலையுங்களேன்! அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அறையாவது, பிழைப்பாவது, அந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது?

பனைமரத்தடியில் ராஜம் உட்கார்ந்திருந்தாள். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. கோபாலகிருஷ்ணன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். பழத்தை உரித்துக் கொடுத்தான் வரதன். இரண்டு பழம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கை நடுக்கம் நின்றது.

"ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேரும் பத்து நிமிஷம்னாங்க" என்றார் கோபாலகிருஷ்ணன். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"முதல்ல சொன்னவன் நான்தான் சார். நாலு கிலோமீட்டரு. தப்பு என்னுதுதான்."

அவர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். ராஜத்தைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். கோபாலகிருஷ்ணன் பின்னாலேயே நடந்து வந்தார். இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

சாயங்காலம் ஆட்டோவில் ஏறிய ராஜம் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏரியை நான் இன்னும் பார்க்கலை. அடுத்த மாசம் எட்டு பேர் பஸ்ல வரோம். பஸ் ஸ்டாப்பிலேர்ந்து உங்க வீடு எவ்வளவு தூரம்?"

வரதனுக்கு வியர்த்துவிட்டது. கடிகாரம் பார்த்து நடந்தாலும் சரியாகப் பத்து நிமிஷம்தான். எந்த வாயால் சொல்வது?

"நீங்க இறங்கி அங்கேயே நில்லுங்கம்மா" என்றான். "நானே சைக்கிளோட வந்துடறேன்."